கோவலன் ஏறிய கோவேறு கழுதை

சுங்கை பூலோ நிலையத்தில் ரயில் ஏறி வடக்கே போகிறவர்களுக்குக் குவாங், ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று ஊர்கள் வரிசையாக வரும். அடுத்தது கோல குபு பாரு. அங்கே இறங்கிக் கிழக்கே மலைச் சாலையைப் பிடித்தால் 'கேப்' என்ற கணவாய். அதற்கும் மேலே பிரேசர் மலை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய், குளிரில் தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் அந்த மலைக்குப் பெயர் கொடுத்த மனிதர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.

லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஈய வியாபாரி. 1890களில் அந்த மலைமேல் கடை விரித்தவர். தோண்டி எடுத்த ஈயத்தை மலை தாண்டி அனுப்ப வேண்டும். சாலை இல்லை. மாட்டு வண்டி ஏறாது. ஆகவே அவர் கோவேறு கழுதைகளை வைத்துச் சுமை ஏற்றும் தொழில் நடத்தினார். பக்கத்திலேயே சூதாட்டமும் அபினும் நடந்தன என்றும் சொல்வார்கள். பிறகு ஒருநாள் மனிதர் காணாமல் போய்விட்டார். சிங்கப்பூர் பிஷப் பெர்குசன்-டேவி அவரைத் தேடிக்கொண்டு மலை ஏறினார். ஆள் கிடைக்கவில்லை, குளிர்ச்சியான இடம் கிடைத்தது! வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க ஏற்ற மலை என்று அவர் எழுதியதன் பேரில் 1919இல் வேலை தொடங்கி, 1922இல் மலைவாசத்தலம் திறக்கப்பட்டது. முதலாளியின் பெயர் மலைக்கு நின்றது. சுமந்தவை கழுதைகள்.

மலாயாவில் கோவேறு கழுதையா என்று வியப்பவர்கள் இருக்கலாம். வியப்பு நியாயமானதுதான். இந்த நாட்டில் நம் தாத்தாமார் கண்டதெல்லாம் மாட்டு வண்டி. பிரிக்பீல்ட்ஸ் சூளைகளில் சுட்ட செங்கல் கோலாலம்பூருக்குப் போனதும், தோட்டங்களிலிருந்து பால் போனதும் மாடு இழுத்துத்தான். சாக்கும் கயிறும் தமிழன் கையில், நுகம் மாட்டின் கழுத்தில். குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் இங்கே ஒரு பெரிய எதிரி இருந்தது. அதன் பெயர் சர்ரா. ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ஒட்டுண்ணி நோய் அது. மாடும் எருமையும் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். குதிரை இனம் மெலிந்து, வீங்கி, சாய்ந்துவிடும். 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தார் அந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே சர்ராவை ஆராய்ந்தார்கள் என்றால் அதன் கொடுமையைப் புரிந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட ஊரில், மாடு போக முடியாத மலைத்தடத்துக்கு மட்டும் கோவேறு கழுதை வந்து சேர்ந்தது.

சுமை தூக்குவது ஒன்று, மனிதனை ஏற்றிக்கொண்டு நடப்பது வேறு. மூட்டைக்குப் பயம் கிடையாது. மூட்டை திடீரென்று கயிற்றை இழுக்காது, குதிகாலால் உதைக்காது, அவசரப்படுத்தாது. முதுகில் மனிதன் உட்கார்ந்தால் இத்தனையும் உண்டு. அதனால்தான் சுமைக்குப் பழகிய மிருகம்கூட ஏறுவதற்கென்று தனியாகப் பழக்கப்பட வேண்டியிருக்கிறது. இந்தக் கலையைத் தமிழர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள் என்பதுதான் இன்று பலருக்குத் தெரியாத செய்தி.

<b>அத்திரி என்றொரு வாகனம்</b>

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கானல்வரி நினைவிருக்கும். கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் யாழ் மீட்டிப் பாடி, பாட்டாலேயே பிரிந்த இடம். அந்தக் கடற்கரைக்கு அவர்கள் எப்படிப் போனார்கள்? கடலாடு காதையில் இளங்கோவடிகள் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். மாதவி வண்டியில் ஏறினாள். கோவலன் அத்திரியில் ஏறினான். அத்திரி என்பது கோவேறு கழுதை.

புகார் நகரத்தின் பெருஞ்செல்வன் வீட்டுப் பிள்ளை, விழா நாளில், ஊரே பார்க்க, காதலியோடு போகும்போது தேர்ந்தெடுத்த வாகனம் இது. இன்றைக்கு ஒரு பணக்கார இளைஞன் எந்தக் காரில் போவான் என்று யோசித்துப் பார்த்தால் அந்த மிருகத்துக்கு அன்று இருந்த மதிப்பு புரியும். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்த ஆண்டு 1892. கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ வழியாக ரவாங்குக்கு ரயில் பாதை திறந்ததும் அதே 1892தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. என்றாலும் கோவலனின் அத்திரி ஏட்டுச்சுவடியிலிருந்து வெளியே வந்த காலமும், பிரேசரின் கோவேறு கழுதைகள் மலை ஏறிய காலமும் ஒன்று என்பது நினைக்கச் சுவையாக இருக்கிறது.

சிலம்புக்கு முன்னாலேயே சங்கப் பாடல்களில் அத்திரி வந்துவிட்டது. அதுவும் மலையில் இல்லை, கடற்கரையில்! அகநானூற்று 120ஆம் பாட்டில் உப்பங்கழியைக் கடந்து வரும் தலைவனின் அத்திரிக்குச் சுறாமீன் தாக்கிக் காலில் புண். இந்த மிருகத்தை வைத்துக்கொண்டு இருட்டில் எப்படிப் போவாய், இங்கேயே தங்கிவிடு என்று தோழி சொல்வதற்கு அது நல்ல காரணமாகிறது. நற்றிணை 278இல் தலைவனுடைய அத்திரி சேற்றில் நடந்து வந்திருக்கிறது. அதன் குளம்பில் சிவந்த இறால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரிபாடலில் வேசரி என்ற வேறொரு பெயரும் உண்டு.

இறால் ஒட்டிய அந்தக் குளம்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத கலங்கல் நீர், வழுக்கும் சேறு, ஏறி இறங்கும் அலை. குதிரை இப்படிப்பட்ட இடத்தில் பதறும். கோவேறு கழுதையின் குளம்பு குதிரையுடையதைவிட ஒடுங்கியது, கடினமானது. ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்கும் குணமும் அதற்கு உண்டு. உப்பங்கழியை இரவில் கடக்க வேண்டிய காதலன் அதைத் தேடிக்கொண்டது வெறும் அழகுக்காக இருக்க முடியாது.

பெயரே சாட்சி சொல்கிறது. கோ ஏறு கழுதை, அதாவது அரசன் ஏறும் கழுதை என்று பிரித்துப் பொருள் சொல்வோர் உண்டு. தமிழ் விவிலியத்திலும் இதே சொல்தான். தாவீது ராஜா தம் மகன் சாலொமோனுக்குப் பட்டம் கட்ட நினைத்தபோது, தமக்குரிய கோவேறு கழுதையில் ஏற்றித்தான் அனுப்பினார். இன்னொரு மகன் அப்சலோமின் கதை வேறு. போர்க்களத்தில் அவன் தலை மரக்கிளையில் சிக்கிக்கொள்ள, அவன் ஏறியிருந்த கோவேறு கழுதை தன் பாட்டுக்கு நடந்து போய்விட்டது. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1785இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் அனுப்பிய பரிசு ஓர் ஆண் கழுதை. கோவேறு கழுதைகளை வளர்ப்பதற்காக அதை வாஷிங்டன் ஆசையோடு வைத்துக்கொண்டார்.

இத்தனை பெருமையும் இருந்து, நம் வீடுகளில் இன்று அந்தச் சொல் எதற்குப் பயன்படுகிறது? பிள்ளையைத் திட்டுவதற்கு! கற்பூர வாசனை தெரியாத கழுதைக்குப் பழமொழியே வைத்துவிட்டோம்.

<b>பிடிவாதமா, எச்சரிக்கையா?</b>

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. ஒற்றைப்படை என்பதால் இதற்குக் குட்டி பிறப்பது மிக மிக அபூர்வம். ஆகவே ஒவ்வொரு கோவேறு கழுதையும் புதிதாக உண்டாக்கப்பட வேண்டியது, ஒவ்வொன்றும் புதிதாகப் பழக்கப்பட வேண்டியது. கலப்பினம் உண்டாக்கும் வித்தை மிகப் பழையது. சிரியாவில் உம் எல்-மர்ரா என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பெண் கழுதையையும் ஆண் காட்டுக் கழுதையையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கியிருக்கிறார்கள். அது இன்றைய கோவேறு கழுதை ஆகாது, அதன் பெரியப்பா மாதிரி.

இந்த மிருகத்தைப் பழக்குகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பயம் வந்தால் அது என்ன செய்யும் என்பது. குதிரைக்குப் பயம் வந்தால் ஓடும். கோவேறு கழுதை நிற்கும். நின்று, காதை முன்னால் நீட்டி, என்ன ஏது என்று யோசிக்கும். பார்க்கிறவன் இதைப் பிடிவாதம் என்கிறான். அடிக்கிறான். அடித்தால் அதற்கு இரண்டு பயம் ஆகிவிடுகிறது, எதிரே ஒன்று, பின்னால் ஒன்று. அப்புறம் அசையவே அசையாது. அல்லது உதைக்கும். அதன் உதை குறி தப்புவது அரிது என்பதைப் பட்டவர்கள் சொல்வார்கள்.

பழக்கம் குட்டியிலேயே தொடங்குகிறது. தாய்க் குதிரை மனிதனிடம் அமைதியாக இருந்தால் குட்டியும் அதைப் பார்த்துக் கற்கிறது. கழுத்து, முதுகு, வயிறு, கால் என்று தினமும் தடவிக் கொடுக்க வேண்டும். கடைசியாகக் காது. அந்த நீண்ட காதை யாரும் தொடுவது அதற்குப் பிடிக்காது. ஆனால் கடிவாளத்தை மாட்டுவது காதைத் தாண்டித்தான். காதைத் தொட விடாத மிருகத்தில் ஏற முடியாது. அதேபோல் நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டப் பழக வேண்டும். குளம்பைச் சுத்தம் செய்ய, லாடம் அடிக்க இது தேவை.

அடுத்தது தலைக்கயிறு. முழு வளர்ச்சி அடைந்த கோவேறு கழுதை 350, 400 கிலோ இருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் மனிதன் ஜெயிக்க மாட்டான். ஆகவே பழக்குகிறவன் இலேசாக இழுத்துப் பிடித்துக் காத்திருக்கிறான். அது ஓர் அடி முன்னே வைத்தவுடன் கயிற்றைத் தளர்த்திவிடுகிறான். தளர்த்துவதுதான் பாடம். அடி வைத்தால் இழுப்பு நிற்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. தளர்த்த மறந்தவன் எத்தனை நாள் இழுத்தாலும் அது ஒன்றும் கற்காது. பிறகு பலகைப் பாலம், ஓடை, சாலையில் கிடக்கும் பிளாஸ்டிக் விரிப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். மோந்து பார்க்க நேரம் கொடுக்க வேண்டும். ஒருமுறை சரி என்று முடிவு செய்துவிட்டால் அது நூறு முறை தயங்காமல் போகும். ஒருமுறை அந்தப் பாலத்தில் அடிபட்டிருந்தால், வருடம் பல ஆனாலும் மறக்காது.

சேணம் கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. குதிரைக்குத் தோளுக்குமேல் ஒரு மேடு இருக்கும், சேணம் அதில் தடுத்து நிற்கும். கோவேறு கழுதைக்கு அந்த மேடு தாழ்வு. மலையிறக்கத்தில் சேணமும் ஏறியவரும் சேர்ந்து அதன் கழுத்துக்குச் சரிந்துவிடுவார்கள். இதைத் தடுக்க வாலுக்கு அடியில் ஒரு வார், அல்லது பின்தொடைகளைச் சுற்றி ஒரு பட்டை போட்டுச் சேணத்தோடு கட்டுவார்கள். வாலுக்கு அடியில் வார் போடும் மனிதன் நிற்குமிடம் எது என்று யோசித்துப் பார்க்கலாம். முன்னே சொன்ன நம்பிக்கை வராமல் இந்த வேலைக்குப் போகிறவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்.

சேணம் பழகிய பிறகும் உடனே ஏறுவதில்லை. இரண்டு நீளக் கயிறுகளைக் கடிவாளத்தில் கட்டி, உதை எட்டாத தூரத்தில் பின்னாலோ பக்கவாட்டிலோ நடந்துகொண்டே அதை ஓட்டுவார்கள். வலம், இடம், நில், பின்னே போ. நான்கையும் முதுகில் பாரம் இல்லாமலேயே கற்றுக்கொள்கிறது. இதற்கு வாரங்கள் ஆகலாம். வயதும் முக்கியம். குதிரையைவிட இது மெதுவாக வளர்வது. மூன்று, நான்கு வயதுக்கு முன் ஏறினால் எலும்பு கெடும். பொறுத்தவனுக்கு லாபம், ஏனென்றால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வயதைத் தாண்டியும் வாழும்.

ஏறும் நாள் வந்ததும் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, நடக்கவும் கூடாது. ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சேணத்தின்மேல் வயிற்றை வைத்துச் சாய்ந்து, இறங்கிவிடுகிறார். மறுபடி சாய்கிறார், இறங்குகிறார். அது காதைத் தளர்த்தி, மூச்சை விட்ட பிறகு காலைப் போட்டு உட்காருகிறார். பத்து அடி நடந்து நிறுத்துகிறார். அன்றைக்கு அவ்வளவுதான். சினிமாவில் பார்ப்பதுபோல் துள்ளும் மிருகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அடக்கும் வீரம் இதில் கிடையாது. இந்த வேலையில் வீரத்தைவிடப் பொறுமைதான் செலவாகிறது.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் நூறாண்டுக்கு மேலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கோவேறு கழுதைகள் பாதாளத்துக்கு இறங்கி ஏறுகின்றன. வழியில் நிறுத்தும்போது அவற்றைப் பள்ளத்தைப் பார்த்து நிற்கப் பழக்கியிருக்கிறார்கள். ஏறியிருப்பவருக்கு உயிர் போய்வரும். ஆனால் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் அது விளிம்பில் கால் வைக்காது, பின்னங்கால் பக்கம் பள்ளம் இருந்தால்தான் ஆபத்து. தன் உயிர்மேல் அக்கறை உள்ள மிருகத்தின் முதுகில்தான் மனிதனுக்குப் பாதுகாப்பு.

<b>குரல் போனவை, திரும்பி வந்தது</b>

இந்த அக்கறையை மனிதன் எப்படிப் பயன்படுத்தினான் என்பதற்கு 1944ஆம் ஆண்டு பர்மா ஓர் உதாரணம். மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போன தமிழ்ப் பிள்ளைகள் பர்மாவில் இருந்த காலம் அது. எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிந்திட் படை, அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் அணிக்குப் பின்னால் விமானத்திலும் கிளைடரிலும் போய் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 9,000 வீரர்களோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் இறக்கப்பட்டன. காட்டில் அவை கத்தினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே மயக்க மருந்து கொடுத்து அவற்றின் குரல் நாண்களை அறுத்துவிட்டார்கள். குரலில்லாத அந்தக் கழுதைகள் இயந்திரத் துப்பாக்கியையும் கம்பியில்லாத் தந்திப் பெட்டியையும் சுமந்து நடந்தன.

வேறொரு கதையும் உண்டு. இந்திய ராணுவத்தில் 1962இல் சேர்ந்த பெடோங்கி என்ற கோவேறு கழுதை 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் பிடிபட்டது. முதுகில் அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கியும் குண்டுகளும் ஏற்றப்பட்டிருந்த நிலையில் அது தப்பித்து, எல்லை கடந்து, தன் இந்திய முகாமுக்கே நடந்து வந்துவிட்டது! தேசபக்தி என்று எழுதியவர்கள் உண்டு. தனக்குத் தீனி போட்டவனையும், தான் நடந்த தடத்தையும் மறக்காத நினைவு என்று சொன்னால் இன்னும் பொருத்தம். 1992இல் டில்லியில் நீல வெல்வெட் விரிப்பு போர்த்தி அதைக் கௌரவித்தார்கள். 1998இல் இறந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி போன்ற மலையூர்களுக்குச் சாமான்கள் குதிரை முதுகில் போயின. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு 2019, 2021 தேர்தல்களில்கூட வாக்கு இயந்திரம் கழுதைமேல்தான் ஏறியது. வாக்கு இயந்திரத்துக்குக் கழுதை, மனிதனுக்கு நடை. ஏறுகிறவர் குறைந்து, சுமை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கோவலனுக்கும் கடைசியில் அதுதான் கதை. கானல்வரிக்குப் பிறகு மாதவியைக் கடற்கரையில் விட்டுவிட்டு அவன் கிளம்பினான். பொருளெல்லாம் தொலைந்து, கண்ணகியை அழைத்துக்கொண்டு விடியுமுன் புகாரை விட்டுப் புறப்பட்டபோது ஏறுவதற்கு அத்திரி இல்லை. மதுரை வரைக்கும் இருவரும் காலால் நடந்தே போனார்கள்.